ரோட்டுக்கு முன்னால்

பிள்ளைகளே, சரித்திரத்தை இன்றிலிருந்து பின்னோக்கிப் படிக்கணும் என்று உங்கள் டீச்சர் சொன்ன அன்று, மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் தார்ரோட்டிலிருந்து தொடங்கினோம். ஞாபகம் இருக்கிறதா?

"ரோடு ஏன்பா வந்துச்சு?" என்று பெரியவன் கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஒரு பொம்பள செத்துப்போச்சு. ஊரே திரண்டு போய்க் கேட்டோம், போட்டாங்க."

"எந்தப் பொம்பள?"

"உங்கம்மாதான்."

"அதுக்கு முன்ன இன்னா?" என்றாய், சின்னவளே. கம்பில் தூளி கட்டி அம்மாவை ஒற்றையடிப் பாதையில் தூக்கிப்போனதையும், பாதி வழியில் பாறைமேல் இறக்கியபோது மூச்சு இல்லாததையும் சொன்னேன். அதற்கு முந்தி, நீ பிறந்தது. அதற்கும் முந்தி, அம்மா சாமை அறுத்துக்கொண்டே, "மரத்துல ஏறாதடா கொரங்கே" என்று அண்ணனைத் திட்டியது. அவள் முகமே அறியாத நீ சிரித்தாய்.

"அப்ப ரோடு இல்லாதப்ப அம்மா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நமக்கு ரோடு வாணாம்பா."

"லூசு" என்று அண்ணன் உன் தலையில் தட்டினான்.

மறுநாள் நீங்கள் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனதும், கொடுவாளோடு அந்தப் பழைய பாதைக்குப் போனேன். பாறை வரைக்கும் மூடிக்கிடந்த முள்ளை வெட்டி, வழி உண்டாக்கிவிட்டு வந்தேன்.