பூலாம்பட்டி இறாலும் புரட்டாசி முடிந்த நேரமும்

"சார், நாள் பொறக்கறது ராத்திரி பன்னண்டு மணிக்குங்களா, விடியறப்பங்களா?"

எடப்பாடியில் ஆறாம் வகுப்பு எடுத்தபோது மல்லிகா என்ற மாணவி கேட்டது இது. "கடிகாரத்துக்குப் பன்னிரண்டு மணி. நமக்கு, வீட்டில் வாசல் கூட்டித் தண்ணீர் தெளிக்கும்போது" என்றேன். எதற்கும் ஓர் உதாரணம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முப்பத்தேழு வருடம் கழித்து அதே உதாரணம் காவிரிக் கரையில் என்னைத் தூங்கவிடவில்லை.

மல்லிகா இப்போது என் நண்பர் நல்லதம்பியின் மனைவி. நல்லதம்பி பல வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டியவர். மகளுக்குப் புதிதாகக் கல்யாணமாகி, ஐப்பசி முதல் நாள் சம்பந்தி வீட்டார் குமாரபாளையத்திலிருந்து முதன்முதலாக விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. அவர்களும் இவர்களைப் போலவே புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாதவர்கள். அவர்களிடம் இவர் போனில், "காவேரி எறாவுங்க, நானே வலை வீசிப் புடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டார். அதுவரை வலையைத் தொட்டதே இல்லை. அதனால் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். நானும் தொட்டதில்லை.

புரட்டாசி கடைசி நாள் இரவு ஒன்பதுக்கு எடப்பாடியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். பூலாம்பட்டி பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கே மாதையன் என்ற மீனவர் முந்நூறு ரூபாய்க்கு வீச்சு வலை தந்து, கற்றுக்கொடுக்கவும் கூடவே இருந்தார். விளிம்பெல்லாம் ஈயக் குண்டு கோத்த வட்ட வலை. இறாலை வரவழைக்கத் தவிட்டு உருண்டைகளை நீரில் போட்டார். டார்ச் அடித்தால் தண்ணீருக்குள் சிவப்புச் சிவப்பாக இறாலின் கண்கள்.

புரட்டாசி முடியாமல் ஓர் உயிரைத் தொட்டாலும் அதைச் சமைக்க மாட்டேன் என்பது மல்லிகாவின் கட்டளை. எனவே சரியாகப் பன்னிரண்டுக்கு நல்லதம்பி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மல்லிகா, புரட்டாசி முடிஞ்சுது. வீசட்டா?"

"விடியாம எப்படீங்க முடியும்? வாசக் கூட்டினாத்தான் நாள் பொறக்கும்னு ஆறாப்புல சொல்லிக் குடுத்ததே சார்தான். பக்கத்துலதான இருக்காங்க, கேளுங்க."

நல்லதம்பி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், வேற உதாரணமே கெடைக்கலீங்களா?"

"வெளுத்துச்சுன்னா எறா பாறைக்குள்ள பூந்துக்குங்க. அப்பறம் பாசிதான் வாரோணும்" என்று மாதையன் வேறு, போனில் மல்லிகாவுக்கும் கேட்கும்படி பயமுறுத்தினார்.

சும்மா இருப்பானேன் என்று கரை மணலில் வீசிப் பழகினோம். ஈர வேட்டியை உதறுவதுபோல, இடுப்பைத் திருப்பி விட வேண்டும் என்று நான் விளக்கினேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. வலை நல்லதம்பியின் தலையில் விழுந்தது. அவர் வீசியது ஸ்கூட்டரை மூடியது. "வண்டியப் புடிச்சுட்டீங்க, அதையே கொழம்பு வெச்சிருங்க" என்றார் மாதையன். மூன்று மணிவாக்கில் நல்லதம்பியின் வலை தட்டுப்போல விரிய ஆரம்பித்தது. என்னுடையது கடைசிவரை கயிறாகவே விழுந்தது.

மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது. முதலில் சரக், சரக் என்று ஒரு சத்தம்.

"கேக்குதுங்களா சார்? வாசக் கூட்டறேன். தண்ணியும் தெளிச்சாச்சு. ஐப்பசி பொறந்துருச்சு, வீசச் சொல்லுங்க!"

"மணி மூணே முக்கால்தானம்மா ஆகுது?"

"மணி என்னன்னு நான் கேக்கலீங்களே சார்."

வெளுப்பதற்குள் ஒன்றேகால் கிலோ. அத்தனையும் நல்லதம்பி வீசியது. எனக்கு ஒரு கல்லும் ஒற்றைச் செருப்பும். பன்னிரண்டுக்கே வீசியிருந்தால் அவருக்கும் செருப்புதான் கிடைத்திருக்கும். மதியம் சம்பந்தி மூன்றாம் முறை குழம்பு கேட்டபோது, நல்லதம்பி மாப்பிள்ளைக்கு இடுப்பைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: வலை, தவிடு, பெட்ரோல், டீ எல்லாம் சேர்த்து நானூற்றைம்பது ரூபாய் ஆனது. உள்ளூர் மீனவர்களைக் கேட்காமல் வலையை இறக்காதீர்கள். அணையில் அதிகமாகத் தண்ணீர் திறந்திருந்தால் கரையோடு நின்றுவிடுங்கள். நாள் எப்போது பிறக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டுமானால், அன்றைக்கு வாசலை நீங்களே கூட்டிப் பாருங்கள்.