கூப்பிடாத கொலு

தலைநகரின் கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் மனசு பெரிசு. ருக்மிணிக்கு வந்த வினையே அதுதான்.

அவளுக்கு முடக்குவாதம். முதலில் விரலைப் பிடித்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் எழுந்தால் மடங்கிய கை நிமிராது, நிமிர்ந்த கால் மடங்காது. ஆரம்பத்தில் யார் எந்தத் தைலம் சொன்னாலும் வாங்கித் தடவினாள், வேண்டாத தெய்வமில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒரு மலையாளத்து அம்மாள், "இது போகாது. இதோட இருக்கப் பழகிக்கணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்று முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தாள் ருக்மிணி. ஆனால் அதற்குப் பிறகுதான் அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பழகிக்கொண்டாள். விடிந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்துக்கொண்டு உட்காருவாள், விரல்கள் ஒவ்வொன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்கும்வரை. கரண்டிக் காம்புகளுக்குக் கிழிந்த வேட்டியைச் சுற்றித் தடியாக்கினாள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைத்தாள், குழாயை முழங்கையால் திறந்தாள். கணவர் பட்டாபி மத்திய சர்க்கார் மந்திராலயம் ஒன்றில் குமாஸ்தா. ஆபீஸ் கிளம்புமுன் எல்லா டப்பா மூடிகளையும் தளர்த்தி வைத்துவிட்டு, அவளுடைய ரவிக்கை ஊக்கையும் மாட்டிவிடுவார். "ஆபீஸ்ல கூட என்னை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பைக் குடுத்ததில்லை" என்பார். அவள் தினமும் சிரிப்பாள்.

காலையில் குழாயில் வருகிற தண்ணீரைப் பிடித்து வைத்து ராத்திரிவரை ஓட்டுகிற ஊர் இது. உடம்பின் தெம்பையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். துணி துவைக்கிற நாளில் சப்பாத்தி கிடையாது. கடைக்குப் போகிற நாளில் மாவாட்டல் கிடையாது. ஒரு மாதிரி சமாளித்துவிட்டாள் என்றே சொல்ல வேண்டும்.

சமாளிக்க முடியாதது ஒன்றே ஒன்று. எதிர் வரிசை மாடி வீட்டுச் சுந்தரவல்லியின் கொலு.

நோய் மூட்டு மூட்டாகத் தேடிப் பிடித்ததே தவிர, அவள் தொண்டையைத் தொடவில்லை. நல்ல சாரீரம். ஒரு காலத்தில் அந்தக் கொலுவில் முதல் பாட்டு அவளுடையதுதான். "ருக்மிணி மாமி வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புக்காகவே வேண்டுமென்று கொஞ்சம் தாமதமாகப் போவாள், கள்ளி!

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நவராத்திரியில் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தாள். சுந்தரவல்லியே சுண்டலும் வெற்றிலை பாக்குமாகத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது அன்றைக்கு அமிர்தமாக இருந்தது. அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அழைப்பு வரவில்லை, தட்டுதான் வந்தது. கூப்பிட்டால் பாவம் படியேறிக் கஷ்டப்படுவாளே என்ற நல்லெண்ணம். நல்லெண்ணத்தோடு எப்படிச் சண்டை போடுவது? வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இந்த வருஷம் சுந்தரவல்லியின் பெண் ஜலஜா பட்டுப்பாவாடையும் குங்குமச் சிமிழுமாக வீடு வீடாகக் கூப்பிடப் புறப்பட்டாள். ருக்மிணி ஜன்னலோரம் நின்றாள். பெண் பக்கத்து வீட்டுக்குப் போனாள். "ஆன்ட்டிஜி, ஹமாரே கர் ஆனா" என்று அங்கிருந்த பஞ்சாபி சட்டா மாமியைக்கூட ஹிந்தியில் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். ருக்மிணி வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் அம்மா சொல்லிக்கொடுத்தபடி நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

பஞ்சாபிக்காரிக்கு உண்டு, எனக்கில்லையா என்று ருக்மிணிக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. முந்தின நாள் குழம்பையே பட்டாபியைச் சூடு பண்ணச் சொன்னாள். மத்தியானம் முழுக்கக் காலை நீட்டிப் படுத்தாள், சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டாள், சாயங்காலம் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். பட்டாபி ஆபீஸிலிருந்து வந்தபோது மைசூர் சில்க்கை எடுத்து வைத்துக்கொண்டு கொசுவத்துக்காகக் காத்திருந்தாள்.

"கூப்பிடலியே ருக்கு?" என்றார் தயங்கி.

"கூப்பிடலைதான். மானங்கெட்டுப் போறேன். நீங்க கொசுவத்தைப் பிடியுங்கோ."

வங்காளிகளின் காளிபாரிக் கோயில் பக்கமிருந்து மேளச்சத்தம் வந்துகொண்டிருந்தது. ஐப்பசிக் குளிர் அப்போதே எலும்பைத் தொட ஆரம்பித்திருந்தது. சுந்தரவல்லி வீட்டு மாடிப்படியில் பட்டாபியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து ஏறினாள். பாதியில் படி திரும்புகிற இடத்தில் முழங்கால் கையை விரித்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மேலே கதவு திறந்தது. தட்டும் கையுமாகச் சுந்தரவல்லி இறங்கி வந்தாள், ருக்மிணி வீட்டுக்குத்தான்.

"ஐயோ மாமி! என்ன இது? நான்தான் கொண்டு வரேனே! நீங்க எதுக்கு இப்படி..." பதறிப்போய் அங்கேயே தட்டை நீட்டினாள்.

"படியில வச்சு வாங்கிக்க மாட்டேன்" என்றாள் ருக்மிணி. மூச்சு வாங்கியது. "அடுத்த வருஷம் கொண்டும் வராதீங்கோ. கூப்பிடுங்கோ. கூப்பிட்டா வரதும் வராததும் என் பாடு, என் காலோட பாடு. முடியாதுங்கறதை நான் சொல்லிக்கறேன் மாமி. எனக்காக நீங்க சொல்லாதீங்கோ. செத்துப்போனவளுக்குப் படைக்கற மாதிரி இருக்கு."

சுந்தரவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. பட்டாபி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுந்தரவல்லி தட்டைக் கீழே வைத்தாள். தட்டிலிருந்த குங்குமச் சிமிழைத் திறந்து, குனிந்து நீட்டினாள். "எங்காத்துல கொலு வச்சிருக்கோம் மாமி. வெத்தலை பாக்கு வாங்கிக்க அவசியம் வரணும். வந்து ஒரு பாட்டுப் பாடணும்."

ருக்மிணி கோணல் விரலால் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள். மீதிப் படிகளை நிமிர்ந்து பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது, அடக்க முடியாத ஆசை. மேலே வெளிச்சம், பெண்கள் பேச்சு, வெந்த கடலை வாசனை. முழங்காலைத் தடவிப் பார்த்தாள். இப்போது ஏறினால் ஒரு வாரம் எழுந்திருக்க முடியாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"இன்னிக்கு முடியலை மாமி" என்றாள். "இன்னும் சரஸ்வதி பூஜை இருக்கே. பார்க்கறேன்."

மூன்று வருஷத்தில் முடியலை என்று தன் வாயால் சொல்ல அவளுக்கு இன்றுதான் வாய்த்தது. சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டாபியின் தோளைப் பிடித்து எழுந்தாள்.