பாதியில் எழுந்து ஓடிய பந்தாட்டம்

போன வாரம் புளியங்குடியில் ஒரு சோலியை முடித்துவிட்டு சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினேன். யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு மூட்டை எலுமிச்சம்பழத்தைப் பின்வாசல் பக்கம் ஏற்றியிருந்தார். அடிமூட்டை நசுங்கி, பஸ் முழுக்கத் தோல் வாசனை. பக்கத்தில் இருந்த தம்பி காதில் எதையோ மாட்டிக்கொண்டு செல்போனில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குப் பச்சைத் தரையும் ஓடுகிற கால்களும், மூக்குக்குப் பழத்தோலும் ஒன்றாக வந்து சேர்ந்ததுதான் வினை. நான் கண்ணை இறுக மூடி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "என்ன தாத்தா, வாந்தி வருதா? ஜன்னல் பக்கம் வாரியளா?" என்றான் தம்பி. வாந்தி இல்லப்பா, பஹ்ரைன் வருது என்று அவனிடம் சொல்லவா முடியும்? ஜன்னலுக்கு மாறிக்கொண்டேன்.

உங்களிடம் சொல்லலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பஹ்ரைனில் ஒரு கட்டடக் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தேன். பி.யு.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்த திமிரில், ஆபீஸ் வேலை, மின்விசிறி, சுழல் நாற்காலி என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனவன். கொடுத்ததோ தகரக் கொட்டகை வாசலில் ஒரு ஸ்டூல். எவன் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று எழுதவேண்டும். வெயில் ஏற ஏறப் பேனா மை காய்ந்துவிடும், கண்ணும் காய்ந்துவிடும். ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் நான் எப்போதும் சுழல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அலுப்புதான். கால் வலி, இடுப்பு வலி என்று பிரித்துச் சொல்ல முடியாது. கேம்ப்பில் ஓர் அறைக்கு எட்டுப் பேர் படுத்திருப்போம், எட்டுப் பேரும் தூக்கத்தில் முனகுவோம். வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு. காலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு கிறிஸ்தவர்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி ஜெபம் செய்வோம். எனக்கு முதல் பாட்டிலேயே கண் சொருகிவிடும். ஆண்டவர் மன்னித்திருப்பார், பக்கத்தில் நின்ற கன்னியாகுமரிக்காரர்தான் விலாவில் குத்துவார்.

அப்படி ஒரு வாரத்தில்தான் எஸ்தரின் கடிதம் வந்தது. எஸ்தர் என் மனைவி. ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மேலநீலிதநல்லூரில் என் அம்மாவோடு இருந்தாள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. கடிதத்தைப் பிரித்தால், சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று முதல் வரி. முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். அம்மா ஒப்பவில்லை. "ஏட்டி, ஆம்பள கடல் தாண்டிக் கெடக்கான். நீ தண்ணியில்லாக் காட்டுக்குப் பிள்ளயத் தூக்கிட்டுப் போறேங்குத. ஊரு என்ன பேசும்?" என்று கேட்டதை எஸ்தர் அப்படியே எழுதியிருந்தாள். கடைசியில், "இந்தத் தேதிக்குள் சேராவிட்டால் ஆர்டர் ரத்தாகிவிடும். நீங்கள் போ என்றால் போகிறேன். வேண்டாம் என்றால் இருந்துகொள்கிறேன்" என்று முடித்திருந்தாள்.

கடிதம் வந்து சேரவே பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் சொன்ன தேதி அடுத்த திங்கட்கிழமை. பதில் எழுதிப் போட்டால் அது போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் தந்தி கொடுத்தேன்: வெள்ளி மாலை ஆறு மணி, உரக்கடை போன்.

உரக்கடை என்றால் சங்கரன்கோவிலில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். கடை அண்ணாச்சியிடம் ஒரு கருப்பு டெலிபோன் இருந்தது. யாரும் தெரியாமல் பேசிவிடக் கூடாது என்று டயலில் சின்னதாகப் பூட்டு போட்டிருப்பார். ஆனால் வெளியூரிலிருந்து யாருக்கு அழைப்பு வந்தாலும் முகம் சுளிக்காமல் கூப்பிட்டுக் கொடுப்பார். யூரியா மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு கிடக்கும். வெளிநாட்டுக் குரலைக் கேட்க வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதில் காத்திருப்பார்கள்.

நான் எஸ்தரிடம் என்ன சொல்வதாக இருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தேன். பிள்ளை சின்னது, அம்மாவுக்கு முடியவில்லை என்று காரணங்களையெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். உள்ளே கிடந்தது ஒன்றுதான். நான் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து மற்றவன் நேரத்தை எழுதிக்கொண்டிருக்க, அவள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து டீச்சராகிவிடுவாள். பொறாமைதான், வேறென்ன. அன்றைக்கு அதற்கு இந்தப் பெயர் தெரியவில்லை, அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே மூன்றரை மணி என்றால் இங்கே ஆறு. டெலிபோன் ஆபீசில் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு லைன் கிடைக்கக் காத்துக் கிடக்கவேண்டும் என்பதால், இரண்டு மணிக்கே போய்விடலாம் என்று வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தேன். ஒரு மணிக்கு கேம்ப் வாசலில் நான்கு பஸ் வந்து நின்றது. எங்களை மேய்க்கிற கேம்ப் பாஸ் இறங்கி, "எல்லாரும் ஏறு, ஃபுட்பால் மேட்ச்" என்றான்.

விஷயம் இதுதான். இங்கிலாந்திலிருந்து ஒரு தொழில்முறை டீம் வந்து உள்ளூர் கிளப்போடு ஆடுகிறது. எங்கள் முதலாளி அந்த உள்ளூர் கிளப்புக்குப் பெரிய மனுஷர். கேலரி காலியாகக் கிடந்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஆகவே நாங்கள்தான் ரசிகர்கள். ஆளுக்கொரு காகிதக் கொடி, ஒரு ரொட்டிப் பொட்டலம், ஓர் ஆரஞ்சுப் பழம். நைசாக நழுவலாம் என்று பார்த்தால், கேம்ப் பாஸ் என் கையில் ஒரு லிஸ்டைத் திணித்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் முந்நூறு பேரையும் நான் டிக் அடிக்கவேண்டுமாம். டைம் கீப்பராம் டைம் கீப்பர்!

"எனக்கு ஊருக்கு போன் இருக்கு சார், அவசரம்" என்றேன். "மேட்ச் முடிஞ்சு பேசிக்கோ" என்றான். எல்லாவற்றையும் மேட்ச் முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஜாதி அது.

கேலரியில் என் பக்கத்தில் பீர் முகம்மது உட்கார்ந்திருந்தான். புளியங்குடிக்காரன், கம்பி கட்டுகிறவன், பள்ளிக்கூட நாளில் பந்து ஆடியவன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏலே மக்கா, வெள்ளக்காரன் ஆட்டத்த ஓசில பாக்கோம். நீ ஏம்லே எழவு வீட்டுல இருக்க மாதிரி இருக்க?" என்றான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். முந்நூறு பேரும் அப்போது அதைத்தான் உரித்துக்கொண்டிருந்தார்கள். தோல் வாசனை கேலரியையே தூக்கியது.

மைதானத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஒன்றரை வருஷத்தில் முதன்முதலாகப் புல். தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அந்த ஈர வாசனை, வாசுதேவநல்லூரில் மாமா வீட்டு வயலில் விடியற்காலம் நிற்கிற மாதிரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். சிவந்த தொடைகள், ஆளுக்கு ஆறடி.

"இவனுகளுக்கு இதுதாம்லே உத்யோகம். பந்து ஆடுததுக்குச் சம்பளம், லீவு, எல்லாம் உண்டாம்" என்றான் பீர்.

"நமக்கு அதப் பாக்கது உத்யோகம். கொடிய ஆட்டு" என்றேன்.

எங்களுக்கு முன்னால் கொட்டுக்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அவர் அடித்தால் கைதட்டவேண்டும். வேலை செய்து களைத்த கூட்டம் அல்லவா, பாதிப் பேர் வெயிலில் தூங்கிவிட்டார்கள். கொட்டுச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்து, எதிரணி பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் தட்டினார்கள். கேம்ப் பாஸ் தலையில் அடித்துக்கொண்டான். சிரிக்கவேண்டிய காட்சிதான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் மணிக்கட்டிலேயே இருந்தது. மூன்றரை ஆனது. எஸ்தர் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பாள். மூன்று நாற்பது. மகளை மடியில் வைத்திருப்பாளா, அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருப்பாளா? திடீரென்று ஊரே எழுந்து கத்தியது. அன்றைய ஆட்டத்தின் ஒரே கோல் அது என்று பிறகு கேள்விப்பட்டேன். கோல் விழுந்தபோது நான் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை விசில் ஊதியதும் பீர் என் கையிலிருந்த லிஸ்டைப் பிடுங்கினான். "நீ ஓடு. நான் டிக் அடிக்கேன். கேட்டா வயித்தால போவுதுன்னு சொல்லுதேன்" என்றான். ஓடினேன். ஸ்டேடியம் ஊருக்கு வெளியே இருந்தது. கேட்டில் போலீஸ் விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு காட்டினேன், விட்டான். ரோட்டில் ஒரு டாக்சி இல்லை. பாதி ஓட்டம், பாதி நடை. கடைசியில் ஒரு தண்ணி லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான். டெலிபோன் ஆபீசில் எனக்கு முன்னால் நீளமான வரிசை. லைன் கிடைத்தபோது ஐந்தரை, ஊரில் எட்டு மணி.

நாலைந்து தடவை மணி அடித்த பிறகு அண்ணாச்சி எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எஸ்தர் இருக்காளா அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இப்பதாம்வே போச்சு அந்தப் பிள்ள. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுல்லா? நல்லாருக்கேரா வே?"

நல்லாயிருக்கேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் ஆரஞ்சுப் பழம் நசுங்கிப் போயிருந்தது.

எஸ்தர் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள். மகளையும் கூட்டிப் போய்விட்டாள். "உங்கள் போன் வரவில்லை. யோசித்தேன், சேர்ந்துவிட்டேன்" என்று கடிதம் வந்தது. அடுத்த வருஷமே என் கம்பெனி படுத்துவிட்டது. பெட்டியும் போர்வையுமாக ஊர் வந்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்தேன், கம்ப்யூட்டர் வந்து அதையும் தின்றுவிட்டது. எஸ்தர் மாற்றலில் இந்தப் பக்கம் வந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். மகளைப் படிக்கவைத்ததும் வீட்டுக்குக் கூரை போட்டதும் அவள் சம்பளம். நான் மகளைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுவிட்டேன், மீன் குழம்பு வைக்கப் பழகினேன்.

ஊர் வந்த முதல் வாரமே அவளிடம் சொன்னேன்: "சந்தோஷமாப் போன்னு சொல்லத்தாம்ட்டி அன்னைக்கு அப்படி ஓடினேன். அந்த மேட்ச்சு குறுக்க வந்துட்டு." அவள் "உம்" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போனாள். அதற்குப் பிறகு இந்தக் கதையை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன்! வெளியே சொல்லும்போது நான் ஓடின ஓட்டம் நகைச்சுவை. மனசுக்குள் வேறு கணக்கு. என் பேச்சு எடுபடாத வீட்டில், மருமகனாரும் எஸ்தரிடமே யோசனை கேட்கிற வீட்டில், அந்தப் பந்துதானே என் குடியைக் கெடுத்தது என்று புழுங்குவேன். நேரத்துக்கு மட்டும் போன் போட்டிருந்தால் என்று முப்பது வருஷத்துக்கு மேல் புழுங்கினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உரக்கடை அண்ணாச்சி காலமாகிவிட்டார். துட்டி கேட்கப் போய்விட்டு, நானும் எஸ்தரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. அதைப் பார்த்தபடி எஸ்தர் நின்றாள்.

"அண்ணாச்சி கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல பாத்தியளா. நல்ல மனுஷன்" என்றாள்.

"எதச் சொல்லுத?"

"அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்போ நான் அங்கனதான் நின்னேன். போன் பக்கத்துல. இல்லன்னு சொல்லுங்கன்னு அவருக்குக் கையக் காட்டினேன்."

"ஏன்?" என்று மட்டும் கேட்டேன். போ என்றுதான் சொல்லியிருப்பேன் என்கிற பழைய பொய்யை இந்தத் தடவை எடுத்துவிடவில்லை.

"எடுத்திருந்தா நீங்க வேண்டாம்னிருப்பிய. நானும் சரின்னு சொல்லியிருப்பேன்" என்றாள். கோபமில்லாமல், பஸ் நம்பர் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம், "வாங்க, பஸ் நிக்கி" என்று முன்னால் நடந்தாள்.

அந்த ஸ்டேடியம் இப்போது இருக்கிறதோ என்னவோ. பீர் முகம்மது இல்லை, அண்ணாச்சி இல்லை, யாரும் யாருடைய அழைப்புக்காகவும் மூட்டைகளுக்கு நடுவே காத்திருப்பதில்லை. நான் வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிடக்கூடிய ஒருத்தியும் எனக்கு இருந்தாள். நான் லாரியில் வந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் அந்த உரக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்து போய்விட்டாள்; போன் பக்கத்தில் நின்று கையைக் காட்டியவள் வேறொருத்தி.