சிவப்புக் குமிழ்

கண்களை மூடி, உதட்டைக் குவித்து, மேசையின் வலது ஓரத்திலிருக்கும் சிவப்புக் குமிழை ஒரு மயிரிழை திருப்புகிறார், ‘காதுக்காரர்’ என்றே பெயரெடுத்த ஒலிக்கலவைக்காரர். “இப்ப கேளுங்க” என்கிறார். பாடகி கேட்கிறார், தன் குரலில் தேன் கூடிவிட்டதாகச் சொல்லி நெகிழ்கிறார். அந்தக் குமிழுக்கு அடியில் ஒரு கம்பிகூடக் கிடையாது. இது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. இப்போது உங்களுக்கும், வெளியே சொல்லிவிடாதீர்கள்.

பதிவான பாட்டில் குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனியாகத்தான் வந்து சேரும். எது முன்னால் நிற்பது, எது பின்னால் போய் உட்காருவது என்று இடம் பிரித்துக் கலந்து கொடுப்பது அவர் தொழில். ஸ்டுடியோ வீட்டின் முன்னறையிலேயே; அடுக்களைப் பக்கம் போனாலும் காதுக்கு ஓய்வில்லை. “குக்கர் விசில் சுருதி இறங்குது, வாஷர மாத்து” என்பார்.

தானாகவே கலவை செய்யும் புரோகிராம் ஒன்று வந்தது. பொத்தானை அமுக்கினால் போதும். அதுவே பாட்டைக் கேட்டு, டிரம்ஸை அடக்கி, குரலைத் தூக்கி, இரைச்சலைக் கழுவி வைத்துவிடும். “அதுக்குக் காது ஏது? சும்மா கணக்குப் போடுது” என்று பார்த்தவரிடமெல்லாம் ஏசினார். ஏசிய வாரமே வாங்கியும் விட்டார். இப்போது பொத்தானை அமுக்கிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார். திரும்பி வந்து, அது தூக்கிய குரலைத் துளி இறக்குவார், துளி ஏற்றுவார், கடைசியில் அது வைத்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்.

“இப்பதான் சரியா உக்காந்துச்சு.”

“முதல்லயும் அங்கதானே உக்காந்திருந்துச்சு?” என்பார் மனைவி. அந்த நேரம் பார்த்துக் காதுக்காரருக்குக் காது கேட்காது.

ஸ்டுடியோவின் பாதிப் பிழைப்பு ஓர் இசையமைப்பாளரின் பாட்டுகளில் ஓடுகிறது. போன வாரம் அவர் வரும்போதே முடித்த பாட்டோடு வந்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தப் புரோகிராம நானும் வாங்கிட்டேன். இனிமே வீட்டுலயே முடிச்சுக்கலாம்னு இருக்கேன். கடைசியா ஒரு வாட்டி கேட்டுச் சொல்லிருங்க.”

காதுக்காரர் கேட்டார். குறை சொல்ல ஓர் இடமும் இல்லை. கண்கள் மூடின, உதடு குவிந்தது, கை தானாகவே சிவப்புக் குமிழுக்குப் போனது. பாட்டு மறுபடி ஓடியது.

இசையமைப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அண்ணே, இப்பதான் பாட்டு மூச்சு விடுது. இது அந்தப் புரோகிராம்ல எங்க இருக்கு?”

“அதுல கிடையாதுப்பா.”

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. டீயோடு கதவுவரை வந்த மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே அடுக்களைக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த பாட்டுகளும் இங்கேதான் என்று சொல்லிவிட்டு இசையமைப்பாளர் கிளம்பினார். காதுக்காரர் தன் வேலையை எடுத்தார். காலையில் பொத்தான் கலந்து வைத்த பாட்டு. கேட்டார். ஏதோ குறைவதுபோல் இருந்தது. திரும்பவும் கேட்டார். அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்து, மனைவி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு சிவப்புக் குமிழை ஒரு மயிரிழை திருப்பி, கண்களை மூடி, திருப்தியாகத் தலையாட்டினார்.