மாப்பிள்ளை அழைக்கப் போன ஜீப்

என் ராத்தாவின் கலியாணத்தன்று மணப்பெண்ணைவிடக் கூடுதலாகச் சோடிக்கப்பட்டது மாமாவின் ஜீப்தான். பூவுக்குப் பதில் கிறீஸ், சரிகைக்குப் பதில் சுனாமி நிவாரணத்தில் கிடைத்த நீலப் பிளாஸ்ரிக் தறப்பாள். ராத்தா எனக்கு மூத்தவள். எனக்கு இருந்த உடன்பிறப்பு அவள் ஒருத்திதான். அவளுக்கு மாப்பிள்ளை வந்து சேருவாரா மாட்டாரா என்பது அன்றைக்கு அந்த ஜீப்பின் கையில் இருந்தது.

உள்நாட்டுச் சண்டை முடிந்து வந்த மாரிக்காலம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். கல்முனைக் கரையோரத்தில் எங்கள் வீடு. பழைய வீட்டையும் வாப்பாவையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனபோது நான் சிறு குழந்தை. இரண்டுமே எனக்கு ஞாபகத்தில் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. வீட்டைக் கொடுத்துத்தான் பெண்ணைக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். கரையில் இனி யாரும் கட்டக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். உம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர்கள் போனதும் அதே அத்திவாரத்தின்மேல் சுவர் எழுப்பத் தொடங்கினாள். ஊர்ப் பெரியவர்கள் புத்தி சொல்ல வந்தார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, இன்னோர் அறைக்கும் சீமெந்துக் கல் அரிய ஆள் பிடித்தாள். உம்மாவுக்குப் புத்தி சொல்கிறவர்கள் பொதுவாகத் தேத்தண்ணியோடுதான் திரும்புவார்கள்.

மாப்பிள்ளையின் ஊர் மேற்கே, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, சொறிக்கல்முனைக்கும் அப்பால் வயல்களுக்கு நடுவில் இருந்தது. தாம்போதி என்றால் ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட பாதை. மாரி பெலத்தால் ஆறு அதன்மேல் ஏறிப் போகும். அந்த வருஷம் கலியாண நாள் பார்த்து ஏறிக்கொண்டது. கடற்கரை வீட்டுக்கு மகனை அனுப்ப ஏற்கெனவே மனமில்லாமல் இருந்த மாப்பிள்ளையின் தாய்க்கு வெள்ளம் நல்ல சாக்காகப் போயிற்று. காலையிலேயே ஃபோன் எடுத்து, வெள்ளம் வற்றட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் 'பிறகு' ஒருநாளும் வராது என்று உம்மாவுக்குத் தெரியும். தோணி அனுப்பட்டுமா என்று கேட்டாள். எங்கள் பிள்ளை தோணியிலும் ஏறமாட்டான், உழவு மெசின் இழுக்கிற பெட்டியிலும் ஏறமாட்டான், வாகனத்தில் வந்து மரியாதையாக அழைத்துப் போவதென்றால் வாருங்கள் என்று பதில் வந்தது. உழவு மெசினைத் தவிர எந்த வாகனமும் தாம்போதியில் இறங்காது என்று தெரிந்துகொண்டு சொன்ன பதில் அது.

உம்மா ஃபோனை வைத்துவிட்டுத் தன் தம்பியைப் பார்த்தாள்.

"ஜீப்பெக் கொண்டா."

"நடுவுல தொடைக்கு மேல தண்ணி நிக்கிதாம்," என்றார் மாமா.

"தண்ணி எவ்வளவு எண்டு நான் கேக்கல்ல. ஜீப்பெக் கொண்டா."

வயலுக்கு விதைநெல்லும் சந்தைக்கு ஆடும் ஏற்றுகிற பழைய பெற்றோல் ஜீப் அது. மாமா அதை முற்றத்தில் நிறுத்தி என்ஜின் மூடியைத் திறந்தார். இதற்குள் எங்கெங்கால் தண்ணீர் போகும் என்று உம்மா கேட்க, அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். முன்னால் இருக்கிற காற்றாடி, அந்தப் பேன், சுற்றினால் தண்ணீரை அள்ளி என்ஜின்மேல் வீசும். அப்படியென்றால் பேன் பெல்ட்டைக் கழற்று என்றாள். சைலன்சர் தண்ணீருக்குள் போனால் மூச்சு முட்டும். கிணற்று மோட்டரின் பழைய இரும்புக் குழாய் வந்தது. தகரமும் கம்பியும் சுற்றி அதைப் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நிறுத்தினார்கள். காற்று இழுக்கிற வாயையும் ஒரு றப்பர்க் குழாய் போட்டு உயர்த்தினார்கள். மிச்சம் இருந்தது பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டர். சரியான நோஞ்சான் சாமான், நாலு சொட்டுப் பட்டாலே படுத்துவிடும். அதைச் சுற்றிக் கிறீஸ் அப்ப வேண்டும். மாமாவின் தடித்த விரல் அந்தச் சந்துக்குள் போகவில்லை. என் விரல் போனது, ஆனால் கிறீஸ் முழுவதும் என் சட்டைக்குத்தான் வந்தது.

அறைக்குள் அடக்கமாக இருக்க வேண்டிய ராத்தா வெளியே வந்தாள். மருதோண்டி அப்போதுதான் சிவந்திருந்தது.

"கலியாணப் பொண்ணு முத்தத்துக்கு வரப்படாது கா," என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பதறினார்கள்.

"அவட கலியாணம்தானே, அவ பூசட்டும்," என்றாள் உம்மா.

ராத்தா கிறீஸை வழித்து வழித்து அப்பினாள். மேலே சொப்பிங் பேக்கைச் சுற்றி, சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த நாடாவால் இறுக்கிக் கட்டினாள். யாருடைய கழுத்தையோ நெரிப்பதுபோல இருந்தது அவள் முகம். கடைசியாக ஜீப்பின் முன்பக்கத்துக்குத் தறப்பாளை இழுத்துக் கட்டினார்கள். ஓடும்போது அது தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு போகும், என்ஜின் இருக்கிற இடத்தில் தண்ணீர் தணிந்து நிற்கும். ஒரே வேகத்தில் போகவேண்டும், நடுவில் காலை எடுத்தால் தள்ளிய தண்ணீர் திரும்பி வந்து ஏறிவிடும் என்று எங்களுக்கு விளக்கியவரே மாமாதான்.

மாப்பிள்ளை அழைக்க ஆண்கள்தான் போவது வழக்கம். உம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"பொம்பிளெ போனா ஊரு என்ன கதைக்கும்?" என்றார் மாமா.

"ஒன்னெத் தனிய உட்டா அவங்க சோறு தந்து திருப்பி அனுப்பிருவாங்க. எடு ஜீப்பெ."

நான் அவள் மடியில் ஏறிக்கொண்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, இறக்கிவிடவும் யாருக்கும் நேரமில்லை.

போகும்போது ஜீப் ராசா மாதிரிப் போனது. கரையில் நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். ஆள் உயரக் குழாயில் புகை விட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்ற வாகனத்தை மாப்பிள்ளையின் தாய் அடியிலிருந்து குழாய் நுனிவரை பார்த்தார். சோறு வைக்கத்தான் செய்தார்கள். மாமா சோற்றைப் பார்த்தார், உம்மா மாமாவைப் பார்த்தாள், மாமா எழுந்துவிட்டார். "நீங்க செல்லினபடி வாகனம் வந்திரிக்கி," என்றாள் உம்மா. மாப்பிள்ளை வெள்ளைச் சால்வையோடு பின்சீட்டில் ஏறினார். அவருக்குப் பேச வருமா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

திரும்பும்போதுதான் வினை வந்தது. தாம்போதியில் கொஞ்சத் தூரம் வந்திருப்போம். எதிரே உழவு மெசின் பெட்டியில் நின்றபடி வந்த ஒரு ஹாஜியார் மாமாவைக் கண்டு உரத்து ஸலாம் சொன்னார். வயதில் மூத்தவர், ஹஜ்ஜு செய்தவர். அப்படிப்பட்டவருக்கு ஓடிக்கொண்டே பதில் சொல்கிற பழக்கம் மாமாவுக்கு இல்லை. கை நெஞ்சுக்குப் போனது, கால் தன்பாட்டில் தூக்கிக்கொண்டது. "வஅலைக்குமுஸ்ஸலாம்" முழுவதாகச் சொல்லி முடிக்குமுன் முன்னால் தள்ளிப் போன தண்ணீர் திரும்பி ஏறியது. ஜீப் இருமிவிட்டு அடங்கிப் போனது.

பின்னால் மாப்பிள்ளை வீட்டார் கரைதான் கிட்ட. எங்கள் பின்னாலேயே கரைவரை வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் அங்கே நின்று இரண்டு கையாலும் கூப்பிட்டார். "வந்திரு மனெ! அந்த ஊடு நமக்கு வாணா! வந்திரு!" தண்ணீர் எங்கள் காலடிக்குள் வந்துவிட்டது. மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. உம்மா திரும்பி மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மகன், பொறகால போறண்டாப் போங்க, நான் மறிக்கல்ல. முன்னால போறண்டா எறங்கித் தள்ளுங்க."

"திரும்பிப் போக நான் ஏறல்ல மாமி," என்றார் மாப்பிள்ளை. சால்வையைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தார், டிஸ்ரிபியூட்டரைத் துடைக்க. காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார்.

உம்மாவும் இறங்கினாள். சாரி தண்ணீரில் விரிந்தது. ஜீப்பின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஏச ஆரம்பித்தாள். மாமாவை ஏசுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்து ஏசினாள்.

"இன்னமும் போதாதா ஒனக்கு? அண்டைக்கு அவரெக் கொண்டு போனாய். ஊட்டெக் கொண்டு போனாய். என்ட புள்ளட மாப்பிளெயும் ஒனக்கு வேணுமா? தரமாட்டன்! போ அங்கால!"

சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கி அடித்தாள். புது மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார், இரண்டு கரையிலும் சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆறு மலையில் பிறக்கும், கடல் வேறு என்று வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தோம். நான் சீட்டில் எழும்பி நின்று திருத்தினேன்.

"உம்மா, அது கடல். இது ஆறு."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். உம்மா முந்தானையை இடுப்பில் செருகி, "தள்ளுங்க மகன்," என்றாள். இரண்டு பேரும் தோளோடு தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மாமா சால்வையைக் கரியாக்கிவிட்டுச் சாவியைத் திருகினார். ஜீப் இருமியது, மறுபடி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

நனைந்த மாப்பிள்ளை எங்கள் வாசலில் இறங்கியபோது பெண்கள் போட்ட குரவை பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும். அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. ராத்தாவைச் சுற்றிப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு கூட்டம் எனக்கு எப்போது கிடைக்கும்? ஆற்றைக் கடல் என்று நினைத்து உம்மா அடித்ததையும் ஏசியதையும் அவளைப் போலவே நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. எட்டி என்னை இழுத்து மருதோண்டிக் கையால் என் வாயைப் பொத்தினாள். அவள் கண் நிறைந்திருந்தது. மாப்பிள்ளைதான் வந்துவிட்டாரே, இனி அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கையை விலக்கிக்கொண்டு, இந்தக் கதைக்குச் சிரிக்கத் தெரிந்தவர்களைத் தேடிச் சமையல் நடந்த குசினிப் பக்கம் ஓடினேன்.