சுருபக் கூட்டின் குஞ்சம்

மகள் கொழும்பிலிருந்து அனுப்பிய படத்தை ஒரு கிழமையாகக் கைபேசியில் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கறுப்புச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். சட்டைக்குக் கை இல்லை, இடுப்பும் இல்லை. நெஞ்சிலிருந்து முழங்கால் வரை வரிவரியாகக் குஞ்சம். தலையில் நாடா, அதில் ஓர் இறகு. வயிறுவரை தொங்கும் முத்துமாலை. நூறு வருடத்துக்கு முன் ஜாஸ் என்ற சங்கீதத்துக்கு ஆடப் போனவர்கள் இப்படித்தான் உடுத்தார்களாம். மகள் வேலை செய்யும் கந்தோரின் விருந்துக்கு எல்லோரும் அந்தக் காலத்து உடுப்பில் வரவேண்டுமாம்.

போன வருடம் அவள் சாதாரண சுரிதாரோடு போனாள். கழுதை திரியும் மன்னார் ஊர்க்காரி என்று கூட வேலை செய்பவர்கள் பகிடி பண்ண, சுவரோரம் நின்றுவிட்டு வந்து, வேலையை விடப்போகிறேன் என்று அழுதவள். இந்த முறை, "அம்மா, படத்தில இருக்கிற மாதிரியே வேணும். இல்லாட்டி நான் போகேல்லை" என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தைக்கத் தெரியும். சாட்டின் துணி வாங்கி வெட்டினேன். மாதா கோவிலில் முதல் நன்மை வாங்கிய அன்று அவள் தலையில் கட்டிய நாடாவுக்குக் கறுப்புச் சாயம் போட்டேன். பக்கத்து வீட்டுச் சேவலிடம் இறகு எடுத்தேன். பிளாஸ்டிக் முத்துமாலையைக் கண்டு இவர் சிரித்தார். "முத்துக் குளிச்ச ஊரில இருந்து இதையோ போட்டு அனுப்பப் போறீர்?"

குஞ்சம்தான் கிடைக்கவில்லை. மன்னார்க் கடைகளில் திரைச்சீலைக் குஞ்சம் மட்டுமே இருந்தது. விருந்து சனிக்கிழமை, மகள் வியாழன் பின்னேரம் வருகிறாள். இருந்தால் எழும்புகிறேன், எழும்பினால் இருக்கிறேன். அப்போதுதான் அலுமாரியின் அடித்தட்டு நினைவுக்கு வந்தது.

கோவில் துணிகளைத் தோய்த்துத் தைப்பது என் பொறுப்பு. தேர்போலத் தோளில் தூக்கிவரும் மாதாவின் சுருபக் கூட்டைச் சுற்றிக் கட்டும் பொன்னிறக் குஞ்சத்துக்குப் பதிலாக இந்தத் திருநாளுக்கு ஒருவர் புதியது கொடுத்திருந்தார். பழையதைக் கோவில் மூப்பர் என்னிடம் தந்தபோது, "மந்திரிச்ச சாமான் அக்கா, குப்பையில போடாதேங்கோ. எரிச்சுச் சாம்பலை மண்ணில தாட்டுவிடுங்கோ" என்றார். நல்ல குஞ்சமாயிற்றே என்று, நாளைக்கு எரிப்போம், நாளைக்கு எரிப்போம் என்று வைத்திருந்தேன்.

அதையே வெட்டித் தைத்தேன்.

மகள் வந்ததும் போட்டுப் பார்த்தாள். படத்தில் இல்லாத சின்னக் கையை றேந்தைத் துணியில் நான் வைத்திருந்ததற்கு முணுமுணுத்தாள். பிறகு கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினாள். குஞ்சம் விரிந்து ஆடியது. சந்தியில் நாலுபேர் தோளில் கூட்டைத் திருப்பும்போது ஆடுமே, அதே ஆட்டம். அன்று செபமாலையில் பத்து அருள்நிறை மந்திரத்துக்குப் பதின்மூன்று சொல்லிவிட்டேன்.

"என்னம்மா, பேய் பிடிச்ச மாதிரி நடக்கிறீங்கள்?" என்று அவள் கேட்க, குஞ்சம் வந்த கதையைச் சொல்லிவிட்டேன்.

"எரிக்கத்தானே தந்தவை? எரிச்சிருந்தா ஒருத்தருக்கும் பிரியோசனமில்லை."

"எரிக்கத் தந்தது பிள்ளை. ஆடத் தரேல்லை."

"அப்ப நான் போகேல்லை. திரும்பவும் மூலையில நிக்க என்னால ஏலாது."

அவள் சட்டையைக் கதிரையில் எறிந்துவிட்டுப் போனாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எரிக்காமல் வைத்திருந்தவள் நான்தானே. மாதாவே, என் ஆசைக்குப் பிள்ளை ஏன் அழவேண்டும்? இருந்தும் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன்.

வெள்ளி போயா, பௌர்ணமி விடுமுறை. காலையில் இவர் கடற்கரை வாடியிலிருந்து வலை பொத்தும் நூல் உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கரும்பச்சை நைலோன். "இதுவும் தொங்கும், இதுவும் ஆடும். முடிச்சுப் போட நான் இருக்கிறன்" என்றார்.

மகள் மூக்கைப் பொத்தினாள். "அப்பா, மீன் நாறுது."

"ஷாம்பு போட்டு அலசு. உன்ர தலைக்கு ஊத்துறதில பாதி காணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பக்கத்தில் வந்து இருந்தாள். இவர் வலைக்குப் போடும் அதே முடிச்சில் நூலைக் கயிற்றில் கோத்துத் தர, அவள் அளந்து வெட்ட, நான் மெசினில் வைத்து ஓட்டினேன். பொழுதுபடும்போது முன்பக்கம் முடிந்தது. பின்பக்கத்தில் இரண்டு வரி மிச்சம். பஸ்ஸில் கையால் தைக்கிறேன் என்று ஊசியோடு சனி காலை போனாள்.

அவளை அனுப்பிவிட்டு வளவின் மூலையில் பழைய குஞ்சத்தை எரித்தேன். அது சாம்பலாகவில்லை. உருகிக் கறுத்த கட்டியாகக் கிடந்தது. அதையே ஆழத் தாட்டேன். அன்று முழுக்கப் படலைக்கும் குசினிக்கும் நடந்தேன். கைபேசி வாய் திறக்கவில்லை.

ஞாயிறு பூசைக்குச் சேலை உடுத்துக்கொண்டு நின்றபோது மகள் கைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, ரெண்டாவது வரி தைக்கேல்லை. புத்தளத்தோட நித்திரையாப் போனன்."

"ஐயோ பிள்ளை. ஆரும் கண்டவையோ?"

"கண்டவை. ஒருத்தி கிட்ட வந்து மணந்துபாத்திட்டு, மீன் மணக்குதே எண்டாள்."

கதிரையில் இருந்துவிட்டேன். "நீ என்ன சொன்னனீ?"

"அப்பான்ர வலை நூல், மணக்காமல் என்ன செய்யும் எண்டன். பிறகு அந்த முடிச்சை எப்பிடிப் போடுறது எண்டு கேட்டு என்னைச் சுத்தி நிண்டவை. ஆடவே விடேல்லை அம்மா."

கோவில் மணி அடித்தது. பூசைக்கு முன் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். எரிக்காமல் வைத்ததைச் சொல்வதா, தைத்ததைச் சொல்வதா, இவ்வளவு சந்தோசமாக இருப்பதையும் சொல்வதா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.