மூன்று தரம் ஓம்

எங்கள் பக்கத்தில் ஓம் என்றால் சம்மதம். ‘காதில் விழுகிறது, மேலே சொல்லு’ என்பதற்கும் அதே ஓம்தான். இந்த இரண்டு ஓமுக்கும் நடுவில் என் பிள்ளையின் பதினொரு மாதக் காசு போய் அகப்பட்டுக்கொள்ளும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மகளின் தகப்பனும் நானும் பிரிந்தபோது, பிள்ளைக்கு மாதாமாதம் இவ்வளவு தாபரிப்புக் காசு என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் நாரந்தனையில் சொந்த வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்தவர். நான் புளியங்கூடலில் தையல் மெசினோடு இருந்தேன். சொன்ன திகதிக்குக் காசை வங்கியில் போட்டுவிடுவார். அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேறு நிறைய இருக்கிறது.

ஒருநாள் மத்தியானம், சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“இஞ்சேரும், வள்ளம் கடலுக்குள்ளை கற்பாரிலை அடிபட்டு உடைஞ்சு போச்சு.”

“ஓம்.”

“இனி ஆரும் கூப்பிட்டால் கூலிக்குத்தான் போகவேணும்.”

“ஓம்.”

“முந்தின மாதிரி ஏலாது. பாதிதான் போடுவன்.”

“ஓம்.”

அந்த மாதத்திலிருந்து பதினொரு மாதம் பாதிதான் வந்தது. கட்டளையை மாற்றச் சொல்லி அவர் மனுப் போடவில்லை. பெத்த பிள்ளையின் காசைக் குறைக்கக் கோட்டுக்குப் போனவன் என்று ஊர் கதைக்குமே, அந்த வெட்கம். ரோசக்காரர்.

மகள் உயர்தர வகுப்புக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துக்கு பஸ், ரியூசன், புத்தகம். தையல் காசு அரிசிக்கே சரி. எனக்கு அவரில் பழைய கோபமும் இருந்தது, மறைப்பானேன். குறைந்த காசு முழுவதையும் கேட்டு நான் மனுப் போட்டேன்.

நீதிமன்றத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஐயா, வள்ளம் போன நாளிலை இருந்து குறைச்சு விடுங்கோ. அவ ஓம் எண்டவ. மூண்டு தரம் ஓம் எண்டவ.”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. வருமானம் குறைந்தால் உடனே மனுப் போட்டிருக்க வேண்டும், கடந்துபோன மாதங்களைக் குறைப்பதென்றால் பிள்ளையின் தாய் சம்மதித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, “சம்மதித்தீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா. சொல்லுறது கேக்குது எண்டதுக்கு ஓம் எண்டனான்.”

என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இனிவரும் மாதங்களுக்குப் பாதி போதும், கடந்த பதினொரு மாதத்துக்கும் குறைந்த காசு முழுவதையும் தவணையாகக் கட்டவேண்டும், தவறினால் சிறை என்று தீர்ப்பாயிற்று. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வேறொரு வள்ளம் வாங்கவென்று கொடுத்திருந்த முற்பணத்தைத் திருப்பி வாங்கித்தான் முதல் தவணையைக் கட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வள்ளம் இல்லையென்றால் அவருக்குக் கூலிதான். கூலி என்றால் பிள்ளைக்கு என்றைக்கும் பாதிதான். இதை யோசிக்க எனக்கு அவ்வளவு நாள் பிடித்தது.

காசைக் கொண்டுவந்து மகளின் மேசையில் வைத்தேன்.

“இந்தா, ரியூசனுக்கு.”

அவள் தொடவில்லை.

“அம்மா, அண்டைக்குப் போனை வச்சிட்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அப்பா பாவம், இனிப் பாதிக்குள்ளை சமாளிப்பம் எண்டு?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.